அமெரிக்கப் புறம்போக்கில் ஓர் இரவு

கோடை விடுமுறைக்கு யோசெமிட்டி, சயான் என்று கிளம்பும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு புலம்பல் பொதுவானது: கேம்ப் போட இடம் கிடைக்கவில்லை. முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. பூங்காவுக்கு வெளியே உள்ள விடுதிக்காரர்கள் விமான டிக்கெட் விலை சொல்கிறார்கள்.

அதே மாலையில், பூங்கா எல்லையிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், ஒரு மண்சாலையின் கடைசியில் யாரோ ஒருவர் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் போட்டுக்கொண்டிருப்பார். அவர் முன்பதிவு செய்யவில்லை, ஒரு காசும் கட்டவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. சுற்றுவட்டாரத்தில் இன்னொரு விளக்கு தெரியாது. இது எப்படி முடிகிறது என்பதற்குப் பதில் பாதி வரலாற்றில் இருக்கிறது, பாதி வரைபடத்தில் இருக்கிறது.

இப்படித் தங்குவதற்கு வனத்துறைத் தாள்களில் 'டிஸ்பர்ஸ்ட் கேம்பிங்' என்று பெயர். ஆளுக்கொரு மூலையில் சிதறித் தங்குவது. பேச்சில் 'பூண்டாக்கிங்' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்தச் சொல்லின் வேர் ஆங்கிலமே இல்லை. பிலிப்பைன்ஸின் டகாலோக் மொழியில் 'புந்தோக்' என்றால் மலை. அங்கே போரிடப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் அதை வாயில் போட்டுக்கொண்டு ஊர் திரும்ப, ஆள் அரவமற்ற காடுமேடு என்ற பொருளில் அது நிலைத்துவிட்டது.

என்னைக் கேட்டால் இந்த நிலத்துக்கு மிகப் பொருத்தமான சொல் தமிழில்தான் இருக்கிறது: புறம்போக்கு. இன்று அதை வசவாக்கிவிட்டோம். வருவாய்த்துறைக் கணக்கிலோ அது தீர்வைக்கு வெளியே நிற்கும், யார் பேரிலும் பட்டா இல்லாத நிலம். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று ஊருக்கு ஊர் உண்டு. அமெரிக்க மேற்கின் பொது நிலமும் கிட்டத்தட்ட அப்படித்தான் உருவானது. யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன மிச்சம் அது.

முதலில் அது மிச்சமாகவும் இல்லை. யூட், பையூட், ஷோஷோனி, நவஹோ என்று பல பூர்வகுடிகளின் வாழ்நிலம். போர், ஒப்பந்தம், மீறப்பட்ட ஒப்பந்தம் என்று கைமாறிக் கூட்டரசிடம் வந்தது. கூட்டரசுக்கு அதை வைத்துக்கொள்ளும் எண்ணமே இல்லை, தள்ளிவிடத்தான் பார்த்தது. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் சொந்தம். அயோவாவின் கறுப்பு மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்தை வாழவைக்கும். நெவாடாவில் அதே 160 ஏக்கர் நாலு மாட்டுக்குக்கூடக் காணாது. ஆகவே ஆற்றோரப் பள்ளத்தாக்குகளை மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாறையும் புதரும் உப்புத்தரையும் அரசிடமே தங்கின.

கணக்கில்லாமல் மேய்த்து அந்த நிலம் கட்டாந்தரையானபோது, 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. 1946இல் பழைய நில அலுவலகத்தையும் மேய்ச்சல் துறையையும் இணைத்து நில மேலாண்மைத் துறையை உருவாக்கினார்கள். பிஎல்எம் என்ற மூன்றெழுத்தில்தான் எல்லோருக்கும் தெரியும். 1976இல் வந்த சட்டம்தான், இந்த நிலம் இனி பொதுவாக அரசிடமே இருக்கும் என்று எழுதிவைத்தது. காடுகளின் கதை வேறு. மரம் வெட்டித் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் 1891இலேயே சில பகுதிகளை ஒதுக்கத் தொடங்கி, 1905இல் அமெரிக்க வனத்துறையை அமைத்தார்கள்.

இன்று பிஎல்எம்மிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர், வனத்துறையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் பதின்மூன்று தமிழ்நாடு வரும். ஆனால் அது சமமாகப் பரவியிருக்கவில்லை. நெவாடாவில் சுமார் 80 சதவீதம் நிலம் கூட்டரசுடையது, யூட்டாவில் 63 சதவீதம். அயோவாவில் ஒரு சதவீதம்கூட இல்லை. சிகாகோவிலோ டல்லஸிலோ இருப்பவர்கள் "எங்க ஊர்ப்பக்கம் இப்படி எதுவும் கண்ணில் படவில்லையே" என்பதற்கு இதுதான் காரணம்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான பிஎல்எம் நிலத்தில் 28 நாளுக்குள் 14 நாள் வரை ஓரிடத்தில் தங்கலாம், அப்புறம் இடம் மாற வேண்டும். காடுகளிலும் ஏறக்குறைய இதே கணக்குதான், காட்டுக்குக் காடு கொஞ்சம் வேறுபடும். நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளித் தங்குவது வழக்கம். தேசியப் பூங்காவுக்குள் இந்தச் சுதந்திரம் கிடையாது. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி 'வில்டர்னெஸ்' என்று அறிவித்த பகுதிக்குள் வண்டியே போகக்கூடாது. நவஹோ போன்ற பழங்குடி நாடுகளின் நிலம் பொது நிலமே அல்ல. அங்கே அவர்கள் அனுமதி இல்லாமல் தங்குவது அடுத்தவர் தோட்டத்தில் புகுவது மாதிரி. கலிஃபோர்னியாவில் இன்னொரு சங்கதி உண்டு. கூட்டரசு நிலத்தில் நெருப்பு மூட்ட மட்டுமல்ல, குழம்பைச் சூடாக்கும் கேஸ் அடுப்புக்குக்கூட ஓர் அனுமதிச்சீட்டு வேண்டும். இலவசம்தான். ஆனால் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

விதி தெரிந்தாயிற்று. இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போது எல்லோரும் முதலில் போவது ஆப்புகளுக்கு. ஐஓவர்லாண்டர், கேம்பெண்டியம் மாதிரி ஒன்றைத் திறந்தால் வரைபடம் முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரங்கள். ஐந்து நட்சத்திரம் வாங்கிய இடத்துக்கு வெள்ளி மாலை போனால் அங்கே பதினைந்து வண்டி நிற்கும், ஜெனரேட்டர் ஓடும், யாராவது பாட்டு வைத்திருப்பார்கள். புள்ளி வைத்த இடத்தில் தனிமை இருக்காது. ஒதுக்குப்புறமான இடம் வேண்டுமென்றால் புள்ளியை மறந்துவிட்டு, நிலம் யாருடையது, அந்தச் சாலையை யார் எதற்காகப் போட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்விக்கு வண்ணங்கள் பதில் சொல்லும். பிஎல்எம் வரைபடங்களில் அந்தத் துறையின் நிலம் மஞ்சள், வனத்துறை பச்சை, மாநில நிலம் நீலம், தனியார் நிலம் வெள்ளை. இதே அடுக்கை கையா ஜிபிஎஸ், ஆன்எக்ஸ் போன்ற ஆப்புகளில் செல்பேசியிலேயே பார்க்கலாம். அரிசோனா வரைபடத்தை விரித்தால் மஞ்சள் பரப்பின் நடுவே யாரோ கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல நீலச் சதுரங்கள் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பின்னால் 1785ஆம் ஆண்டின் ஒரு சட்டம் இருக்கிறது. நாட்டை 6 மைலுக்கு 6 மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சதுர மைல் அளவில் 36 துண்டுகளாக்கி எண் போட்டார்கள். 16ஆம் துண்டு பள்ளிக்கூடச் செலவுக்கு. பிற்பாடு மாநிலமான யூட்டா, நியூ மெக்சிகோ, அரிசோனாவுக்கு 2, 16, 32, 36 என்று நாலு துண்டு கொடுத்தார்கள். கோயில் மானியம் மாதிரி பள்ளிக்கூட மானியம். அந்த நீலச் சதுரம் பார்வைக்குப் பக்கத்து மஞ்சளைப் போலவே இருக்கும், வேலியும் இருக்காது. ஆனால் அரிசோனாவில் அங்கே தங்கத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். 100 அடி தள்ளி மஞ்சளில் நிறுத்தியிருந்தால் எதுவும் வேண்டாம்.

இதைவிடக் குழப்பமானது வயோமிங்கிலும் நெவாடாவிலும் ரயில் பாதை ஓரமாக வரும் சதுரங்கப் பலகை. தண்டவாளம் போட்ட கம்பெனிகளுக்குக் கூலியாக ஒற்றைப்படை எண் துண்டுகளைக் கொடுத்துவிட்டு இரட்டைப்படையை அரசு வைத்துக்கொண்டது. விளைவு, மஞ்சள், வெள்ளை, மஞ்சள், வெள்ளை. மஞ்சள் சதுரத்துக்கு யாரும் போகலாம், ஆனால் போகும் வழி வெள்ளையில். இரண்டு மஞ்சள் சதுரங்கள் மூலையில் தொட்டுக்கொள்ளும் புள்ளியில் ஏணி வைத்துத் தாண்டிய வேட்டைக்காரர்கள் மீது வயோமிங்கில் வழக்கே நடந்தது. தனியார் மண்ணை மிதிக்காமல் தாண்டுவது குற்றமல்ல என்று 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல, அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. நடந்து போகிறவருக்கு இது பெரிய வெற்றி. காருக்கு ஏணி வைக்க முடியாதே! வண்டியில் போகிறவர் சதுரங்கப் பலகையைக் கண்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது உத்தமம்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அமெரிக்க வனத்துறையின் காடுகளில் சுமார் 3,70,000 மைல் சாலை இருக்கிறது. நாட்டின் பெரிய நெடுஞ்சாலைகளான இன்டர்ஸ்டேட்டுகள் மொத்தமும் 50,000 மைலைத் தொடாது. யாரும் குடியிருக்காத காட்டுக்குள் ஏன் இத்தனை சாலை? சுற்றுலாவுக்காக அல்ல. பெரும்பகுதி மரம் வெட்டி ஏற்றப் போட்டது. பிரதான மண்சாலையிலிருந்து கிளை பிரிந்து, கிளையிலிருந்து குட்டிக் கிளை பிரிந்து, திடீரென்று காட்டின் நடுவில் முடிந்துவிடும். முடியும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சமதளம் இருக்கும். வெட்டிய மரங்களை இழுத்துவந்து அடுக்கி லாரியில் ஏற்றிய களம் அது. லாரி திரும்ப வேண்டுமே, அதற்காக அகலமாகவும் மட்டமாகவும் விட்டிருப்பார்கள். அறுபது எழுபது வருடம் கழித்து இன்று அந்தக் களம்தான் ஒரு கார், ஒரு டென்ட், ஒரு மடக்கு நாற்காலிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி கிடக்கிறது.

பாலைவனப் பக்கம் மரத்துக்குப் பதில் சுரங்கமும் மாடும். மலைச்சரிவில் ஏறி நின்றுவிடும் பாதை பழைய தோண்டல் ஒன்றுக்குப் போகும் (அங்கே குழி திறந்து கிடக்கும், குழந்தைகளோடு போகாதீர்கள்). சமவெளியில் இரண்டு சக்கரத் தடமாக நீளும் பாதை மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். தொட்டி ஓரம் தங்க ஆசையாக இருக்கும். கூடாது. மாடும் மானும் மனிதனைக் கண்டு தண்ணீர் குடிக்காமல் நிற்கும். அரிசோனாவில் விலங்குகளின் தண்ணீரை மறிக்கும்படி கால் மைலுக்குள் தங்குவது சட்டப்படியே குற்றம்.

ஆக, வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இதுதான். சமஉயரக் கோடுகள் போட்ட வரைபடத்தில் கோடுகள் விலகி நிற்கும் இடம் சமதளம். அதற்குள் ஒரு குட்டிச் சாலை நுழைந்து முடிகிறதா என்று பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தை நெருக்கிப் பார்த்தால் வெளிறிய வட்டம் தெரியும், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. யாரோ முன்பு நெருப்பு மூட்டிய கல்வட்டம். ஏற்கெனவே ஆள் தங்கிய இடம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. புதிதாக ஓரிடத்தை மிதித்து உருவாக்குவதைவிட மிதிபட்ட இடத்திலேயே தங்குவதுதான் முறையும்கூட. யூட்டா பாலைவன மண்ணின் மேல் கறுப்பாக ஓர் உயிர்ப்படலம் படிந்திருக்கும். அதன் மேல் டயர் ஏறினால் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

காடாக இருந்தால் இன்னொரு தாளையும் பார்த்தே ஆக வேண்டும். 2005இல் வந்த விதிப்படி ஒவ்வொரு காடும் எந்தச் சாலையில் எந்த வண்டி போகலாம் என்று ஒரு வரைபடம் வெளியிடுகிறது. பேச்சில் எம்வியுஎம். கறுப்பு வெள்ளையில், அழகு சிறிதும் இல்லாத தாள். மலை, ஆறு எதுவும் சரியாகத் தெரியாது. ஆனால் அதுதான் சட்டம். தரையில் தடம் பளிச்சென்று தெரிந்தாலும், தடுப்புப் பலகை இல்லாவிட்டாலும், அந்தத் தாளில் இல்லாத சாலையில் போனால் தவறு உங்கள் மேல். சில சாலைகளின் இருபுறமும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அந்தச் சாலையிலிருந்து குறிப்பிட்ட அடி தூரம், பல காடுகளில் 300 அடி, வண்டியை உள்ளே எடுத்துப்போய்த் தங்கலாம் என்று அர்த்தம். மற்றச் சாலைகளில் ஓரமாக நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

சாலை எவ்வளவு மோசம் என்பதைச் சாலையே சொல்லும். வனத்துறையின் பழுப்புப் பலகையில் எண் கிடைமட்டமாக எழுதியிருந்தால் சாதாரணக் கார் போகும். ஒன்றன் கீழ் ஒன்றாக நெட்டுக்குத்தாக எழுதியிருந்தால் அடிப்பகுதி உயரமான வண்டி வேண்டும். இது தெரியாமல் நெட்டுக்குத்து எண்ணில் செடானை விட்டு, எண்ணெய்த் தொட்டியைக் கல்லில் இடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான். ஆனால் தனிமை தேடுகிறவருக்கு மோசமான சாலை ஒரு நண்பன். தார்ச்சாலையிலிருந்து முதல் இரண்டு மைலுக்குள் கூட்டம், முதல் பெரிய பள்ளத்தைத் தாண்டினால் பாதிப் பேர் இல்லை. அப்படித்தான் அது வடிகட்டுகிறது. மழை வந்தால் இந்த நட்பும் முறிந்துவிடும். தெற்கு யூட்டாவில் காட்டன்வுட் கேன்யன் சாலை மாதிரி இடங்களில் மண்ணில் பென்டோனைட் களி கலந்திருக்கிறது. காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் வெண்ணெய். நாலு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி தன் பாட்டுக்கு வழுக்கி ஓடைக்குள் போகும். காயும் வரை காத்திருப்பது தவிர வேறு வழி இல்லை.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பார்க்க வேண்டியவை அனுபவத்தில் வருபவை. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே சேர்ந்துவிட வேண்டும். இருட்டில் இடம் தேடுகிறவர் கிடைத்த இடத்தில் நிறுத்துவார், அது பெரும்பாலும் வறண்ட ஓடையாக இருக்கும். மணல் பரப்பு, மட்டம், காற்று மறைவு எல்லாம் இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை, தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னும்போதே, இருபது மைல் தள்ளிப் பெய்த மழை அந்த ஓடை வழியாக இறங்கிவரும். காட்டில் என்றால் தலையை நிமிர்த்திப் பட்ட மரம் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டு அரித்துக் காய்ந்த பைன் மரங்கள் மேற்கில் ஏராளம், ராத்திரிக் காற்றுக்கு விழும். பள்ளத்தின் அடியில் குளிர் தேங்கும். சரிவில் சற்றே ஏறித் தங்கினால் அந்தக் குளிரிலிருந்து தப்பலாம். இலையுதிர் காலத்தில் எல்க் என்ற பெரிய மானின் வேட்டை தொடங்கிவிட்டால் நீங்கள் மாதக்கணக்கில் கண் வைத்திருந்த களத்தில் பெரிய கூடாரம் போட்டு ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். அவர்கள் அங்கே மூன்று தலைமுறையாக வருகிறவர்களாக இருக்கலாம். சிரித்துக் கையாட்டிவிட்டு அடுத்த கிளைக்குப் போக வேண்டியதுதான்.

நெருப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011இல் அரிசோனாவிலும் அதை ஒட்டிய நியூ மெக்சிகோவிலுமாக 5,38,000 ஏக்கர் எரிந்த வாலோ தீ, கவனிக்காமல் விட்டுப்போன ஒரு முகாம் நெருப்பிலிருந்து கிளம்பியது. அந்த மாநிலத்தின் வரலாற்றில் அதைவிடப் பெரிய காட்டுத்தீ பதிவாகவில்லை. கோடையில் பெரும்பாலும் தடை இருக்கும். தடை இல்லாவிட்டாலும், சாம்பலுக்குள் கையை விட்டுச் சூடு இல்லை என்று பார்க்காமல் கிளம்பக்கூடாது.

இனி சங்கடமான பகுதி. 2020இல் பெருந்தொற்று வந்து விடுதிகள் மூடியபோது, ஜனங்கள் இந்த நிலங்களுக்குத் திரண்டார்கள். வேனிலேயே குடியிருப்பது ஒரு மோகமாகவும், வாடகை கட்ட முடியாதவர்களுக்கு ஒரே வழியாகவும் ஆகியிருந்தது. படத்தோடு இடத்தின் துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் பகிர்ந்தார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் ஆயிரம் பேர் தங்கினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டாம். எட்டு அங்குலம் தோண்டிப் புதைக்க வேண்டும் என்ற அடிப்படை விதியே பலருக்குத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவில் விட்னி சிகரத்தின் காலடியில் உள்ள அலபாமா ஹில்ஸில் விரும்பிய பாறைக்குப் பின்னால் தங்கிய காலம் போய், குறியிட்ட இடங்களில் மட்டும், சீட்டு எடுத்துக்கொண்டு தங்க வேண்டும் என்றாகிவிட்டது. கொலராடோவின் கிரெஸ்டட் பியூட் பள்ளத்தாக்குகளில் எண் போட்ட கம்பங்கள் நட்டார்கள். அரிசோனாவின் செடோனாவுக்கு மேற்கே இருந்த திறந்த காட்டுவெளியிலும் குறித்த இடங்கள் மட்டும்தான். அதிகாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ரேஞ்சர் பல லட்சம் ஏக்கரைப் பார்க்க வேண்டிய இடத்தில் கம்பம் நடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு கருவி குறைவு. ஆனால் ஓரிடத்தை மூடினால் கூட்டம் மறைவதில்லை, அடுத்த மண்சாலைக்கு நகர்கிறது. அதனால்தான் 'எந்த இடம்?' என்று கேட்பவர்களுக்கு நான் காட்டின் பெயரையும் வரைபடத்தையும் சொல்வேன், எண்களைச் சொல்வதில்லை. இதைக் கஞ்சத்தனம் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

இந்த நிலத்துக்கு இன்னொரு திசையிலிருந்தும் ஆபத்து வந்தது. 2025 ஜூனில், மேற்கு மாநிலங்களின் 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பொது நிலத்தை விற்கும் ஒரு திட்டத்தை யூட்டா செனட்டர் மைக் லீ நிதி மசோதாவில் செருகினார். வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். எதிர்த்தவர்களில் சூழலியலாளர்கள் மட்டுமில்லை. துப்பாக்கியும் பிக்கப் வண்டியுமாக அவருடைய கட்சிக்கே ஓட்டுப் போடும் வேட்டைக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் கொதித்து எழுந்தார்கள். அந்த மாதக் கடைசிக்குள் திட்டத்தை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த மிச்ச நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் யார் என்பது அந்தச் சில வாரங்களில் தெரிந்தது.

முதல் தடவை தனியாகத் தங்குகிறவர்களை ராத்திரியில் பயமுறுத்துவது கரடி அல்ல. விடியலுக்கு முன் டென்ட்டைச் சுற்றிப் பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டு எதுவோ நடக்கும். கையில் டார்ச்சோடு ஜிப்பைத் திறந்தால் ஒரு பசு மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். பிஎல்எம் நிலத்தில் 15.5 கோடி ஏக்கர் இன்றும் மேய்ச்சலுக்கு விட்டது. பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய, 2019 முதல் 2025 வரை, கட்டணம் 1.35 டாலர். அது வாடகை கட்டிய குடித்தனம். நாம் 14 நாள் சும்மா வந்து படுத்திருக்கிறவர்கள். வரும் வழியில் திறந்த கம்பி வேலிக் கதவை மறக்காமல் மூடிவிட்டு வந்தோமா என்று அந்த நேரத்தில்தான் ஞாபகம் வரும்.